சத்தம் நிற்கிற இடம்

கொஞ்சம் நீண்ட பதிவு. டெலிபோன் வயர் பற்றியது. ஆசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் பாதி வரையாவது பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலைக் காரியாலய அலுமாரியில், இறப்பர் முத்திரைகள் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில், இரண்டு சின்னச் சாமான்கள் இருக்கின்றன. ஒன்று சவர்க்காரக் கட்டி அளவுப் பெட்டி; அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், நுனியில் முதலைவாய்க் கிளிப். மற்றது தடித்த பேனை மாதிரி. முன்னால் கறுப்பு மூக்கு, பக்கத்தில் ஒரு பொத்தான், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சில்லு, உள்ளே 9 வோல்ற்று பற்றரி. பெட்டியை வயரில் கொழுவினால் அது வயருக்குள் ஒரு சத்தத்தை அனுப்பும். பேனையின் மூக்கை அந்த வயருக்குக் கிட்டக் கொண்டுபோனால் பேனை "டீ-டூ-டீ-டூ" என்று பாடும். வயரின் தோலைச் சீவத் தேவையில்லை, தொடவும் தேவையில்லை. லைன் வேலை செய்பவர்கள் இந்தச் சோடியை டோனர் என்பார்கள். வெளிநாட்டில் இதற்கு 'நரியும் வேட்டைநாயும்' என்று பட்டப்பெயரும் உண்டு. பெட்டி நரி, பேனை நாய்.

2022 மார்ச் மாதம் வரை எங்களில் ஒருவரும் இதைக் கையால் தொட்டதில்லை.

எமது ஆரம்பப் பிரிவு பிரதான வளவில் இல்லை. பாதைக்கு அந்தப் பக்கம், வயர் போகும் வழியில் அளந்தால் காரியாலயத்திலிருந்து 280 மீற்றர். தரம் 1 முதல் 5 வரை அங்கேதான். இரண்டுக்கும் இடையில் மண்ணுக்குக் கீழே பீவீசீ குழாயில் 5 சோடி டெலிபோன் கேபிள் ஒன்று பல வருடங்களுக்கு முன்னர் போடப்பட்டது. காரியாலயத்து இன்டர்கொம் பெட்டியிலிருந்து ஆரம்பப் பிரிவுக்கு ஒரு போன். அவ்வளவுதான்.

கைத்தொலைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று நாங்களும் கேட்டவர்கள்தான். அந்த மார்ச் மாதத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். மின்வெட்டு ஏழு, பத்து என்று ஏறி, மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் என்று அறிவித்தார்கள். எங்கள் பக்கத்தில் கரண்ட் போய்ச் சில மணித்தியாலத்தில் கைத்தொலைபேசிக் கோபுரமும் படுத்துவிடும். ஆனால் பழைய செப்பு வயர்ப் போனுக்கு அது இருக்கும் இடத்தில் கரண்ட் தேவையில்லை. பேச்சு வரும் அதே இரண்டு வயரில்தான் அதற்கான மின்சாரமும் வருகிறது. பொதுத் தொலைபேசி லைனில் அது 48 வோல்ற்று அளவில் இருக்கும். எங்கள் இன்டர்கொம் பெட்டிக்கு ஒரு பற்றரி இருந்தது. ஆகவே ஊரே இருட்டில் கிடந்தாலும் ஆரம்பப் பிரிவின் போன் வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

அந்தக் கிழமைகளில் ஒரு நாள் தரம் 2 பிள்ளை ஒன்றுக்கு முட்டு வந்துவிட்டது. டீச்சர் ஒருவர் கையில் இருந்த சோக்கைக்கூடக் கீழே வைக்காமல் வெயிலில் பாதையைக் கடந்து காரியாலயத்துக்கு ஓடிவந்தார். பிள்ளை நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்று அவர் மூச்சு வாங்கி நின்ற கோலத்தைப் பார்த்தபின் போன் விசயத்தை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

விலை கேட்டோம். வந்து பார்த்தவர்கள் முழுக் கேபிளையும் மாற்ற வேண்டும் என்றார்கள். ஒரு இலட்சத்து எழுபதாயிரம் ரூபாய், அதுவும் ஒரு கிழமைக்கு மட்டும் செல்லுபடியாகும் விலை. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 300ஐ நோக்கி ஓடிக்கொண்டிருந்த நாட்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சைகளையே பிற்போட்ட மாதம் அது. எமது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் இருந்ததோ போட்டோப்பிரதிக்கே காணாது.

ஒரு கேள்வி மட்டும் எங்களை விடவில்லை. ஐந்து சோடியும் எப்படிச் செத்தன? பழைய சம்பவத்திரட்டுப் புத்தகத்தைப் புரட்டியபோது விடை கிடைத்தது. ஒவ்வொரு முறை போன் பழுதானபோதும் வந்தவர்கள் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்: செத்த சோடியைக் கழற்றிவிட்டு அடுத்த சோடியில் மாட்டியிருக்கிறார்கள். போன் வேலை செய்யும், கையொப்பம் வைப்போம், பணம் கொடுப்போம். ஐந்தாவது சோடி பெப்ரவரியில் முடிந்தது. பழுது எங்கே என்று அத்தனை வருடத்தில் ஒருவர்கூடத் தேடவில்லை.

நாங்கள் என்பது இங்கே மூன்று பேர்: விஞ்ஞானம், தகவல் தொழில்நுட்பம், கணிதம். எங்களுக்குத் துணையாக வந்தவர் டெலிபோன் லைன் வேலையிலேயே தலை நரைத்து ஓய்வுபெற்ற ஒரு காக்கா. டோனர் அவருடையது. பழைய துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். பேனையை எங்களிடம் நீட்டியபோது அவர் சொன்ன முதல் வசனம்:

"சேர், சத்தம் கேக்குற எடத்தத் தேடாதீங்க. சத்தம் நிக்கிற எடத்தத் தேடுங்க."

முதல் வேலை கழற்றுவது. இன்டர்கொம் பெட்டியிலிருந்தும் மறுமுனைப் போனிலிருந்தும் கேபிளைப் பிரித்துவிட வேண்டும். உயிருள்ள லைனில் டோனரைக் கொழுவினால் பெட்டிக்கும் கேடு, மறுபக்கத்து இயந்திரத்துக்கும் கேடு. பிறகு மீற்றரால் வோல்ற்று ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொள்வது. இதில் காக்கா அவசரப்படவே இல்லை.

அடுத்ததுதான் எங்களுக்குப் புதுமையாக இருந்தது. ஒரு சோடியின் இரண்டு வயருக்கும் இரண்டு கிளிப்பையும் போட்டால் சத்தம் நன்றாகப் போகும் என்றுதானே நினைப்போம்? போகும், ஆனால் வெளியே மெதுவாகத்தான் கேட்கும். டெலிபோன் வயர் சோடியாக முறுக்கப்பட்டிருப்பதே அதற்காகத்தான். ஒரு வயர் வெளியே விடுவதை மற்ற வயர் அழித்துவிடும். வெளியிலிருந்து வரும் இரைச்சலும் இரண்டிலும் ஒரே அளவில் ஏறி, ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். கிரகாம் பெல் 1881இல் இந்த முறுக்குக்கு உரிமம் வாங்கினார். ஆகவே வயரைத் தேடிப் போகும்போது ஒரு கிளிப்பை வயரிலும் மற்றதை எர்த்திலும் போட வேண்டும். அப்போது அந்த ஒற்றை வயர் கத்தும்.

கத்தினால் இன்னொரு தொல்லை. பக்கத்து வயர்களும் சேர்ந்து முணுமுணுக்கும். ஒரே தோலுக்குள் இத்தனை மீற்றர் ஒட்டிக் கிடப்பவை. ஒன்றின் சத்தம் மற்றதில் தொற்றாமல் இருக்குமா? அறுந்த இடத்துக்கு அப்பாலும் அந்தத் தொற்றுச் சத்தம் லேசாகக் கேட்டு ஆளை ஏமாற்றும். காக்கா மீதி ஒன்பது வயரையும் ஒன்றாக முறுக்கி எர்த்தில் கட்டினார். "மத்தவங்கட வாயக் கட்டினாத்தான் இவன்ட கத விளங்கும்." வகுப்பறையில் நாங்கள் தினமும் செய்வதுதான்.

பேனையை அமுக்கினோம். "ம்ம்ம்ம்ம்" என்று ஒரு பெரிய முழக்கம். டீ-டூ எங்கோ அடியில் கிடந்தது. கட்டடம் முழுக்க ஓடும் 230 வோல்ற்று மின்சாரத்தின் 50 ஹேட்ஸ் இரைச்சல் அது. பேனை பாரபட்சம் பார்க்காது. மாறி மாறித் துடிக்கும் எந்த மின்புலத்தையும் பெருப்பித்துக் காட்டும். ரியூப் லைட்டுக்குக் கீழே போனால் இன்னும் மோசம். காக்கா பேனையைக் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். "கரண்ட் போகட்டும் சேர்."

நாடே சபித்துக்கொண்டிருந்த மின்வெட்டுக்காக அட்டவணையைப் பார்த்துக் காத்திருந்த ஆட்கள் அன்று இலங்கையில் நாங்கள் மட்டுமாகத்தான் இருக்க வேண்டும். கரண்ட் போனது. முழக்கம் கத்தியால் வெட்டியதுபோல நின்றது. டீ-டூ-டீ-டூ மட்டும் மிஞ்சியது.

கேபிள் வழியில் கொங்கிறீட் மூடி போட்ட குழிகள் இருந்தன. பழைய காவலாளி ஆறு என்றார். எங்களுக்குத் தெரிந்தவை ஐந்து: காரியாலயப் பக்கத்தில் மூன்று, ஆரம்பப் பிரிவுப் பக்கத்தில் இரண்டு. நான்காவது எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. முதலாம் குழியில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போகலாம்தான். ஆனால் நடுவில் தொடங்கினால் ஒரே சோதனையில் பாதிக் கேபிள் கணக்கிலிருந்து கழிந்துவிடும். நேரே மூன்றாம் குழிக்குப் போனோம். மூடியைத் தூக்கி, செம்மஞ்சள் வயருக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தோம். நல்ல சத்தம். பாதையைக் கடந்து ஐந்தாம் குழி. ஒன்றுமில்லை. சில்லை முழுக்கத் திருப்பியும் காற்றுச் சத்தம்தான்.

காரியாலயத்தில் நின்ற தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் கிளிப்பை ஒவ்வொரு வயராக மாற்றினார். நாங்கள் இரண்டு குழிக்கும் நடந்தோம். காக்காவுக்கு மெல்லிய சத்தம் காதில் ஏறவில்லை. பேனையைத் தரம் 9 மாணவன் ஒருவனிடம் கொடுத்து, "உங்கட காதுதான் நல்லம்" என்றார். ஒவ்வொரு சோடியிலும் ஒரு வயராவது மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் செத்திருந்தது. வேறு வேறு வருடத்தில் செத்த சோடிகள், ஒரே துண்டுக்குள். கேபிள் முழுக்கப் பழுதென்றால் இப்படி ஓரிடத்தில் கூடாது. அங்கே ஒரு ஜொயின்ட் இருக்க வேண்டும், அது வருடக்கணக்காக ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருக்க வேண்டும்.

ஆனால் அந்தத் துண்டு ஏறக்குறைய 90 மீற்றர். அதில் ஒரு பகுதி பாதைக்கு அடியில். பேனை மண்ணுக்குள் கேட்காது. சுவர், பலகை, பிளாஸ்திக்குக் குழாய் என்றால் கேட்கும். ஈர மண் சத்தத்தை விழுங்கிவிடும். புதைந்த கேபிளைத் தேட வேறு பெரிய கருவி உண்டு, எங்களிடம் அது இல்லை.

இந்த இடத்தில் கணித ஆசிரியருக்கு வேலை வந்தது. ஒரு சோடியின் இரண்டு வயரும் பக்கம் பக்கமாக ஓடுவதால் அது நீண்ட ஒரு கொள்ளளவி. நீளம் கூடக் கொள்ளளவம் கூடும், நேர்விகிதத்தில். களஞ்சிய அறையில் அதே கேபிளின் மிச்சத் துண்டு 20 மீற்றர் கிடந்தது. மீற்றரில் அளந்தோம்: 1.8 நனோபரட். அறுந்த சோடியைக் காரியாலயத்திலிருந்து அளந்தோம்: 15.8. தரம் 10 பிள்ளைகளிடம் கொடுத்தோம். ஒரு மீற்றருக்கு 0.09, ஆகவே ஏறக்குறைய 175 மீற்றர். ஒவ்வொரு குழியிலும் சுருட்டிவிட்ட மிச்ச வயரைக் கழித்தால் 172. விகிதசமன் எதற்குப் படிக்கிறோம் என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளைதான் அளவு நாடாவின் முன் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

நாடா போய் நின்றது பிரதான வளவின் ஓரத்தில், பாதைக்கு இந்தப் பக்கம், 2019இல் கட்டிய சைக்கிள் கொட்டகைக்குள்.

கொஞ்சம் விலகிப் போகிறோம். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பரிகாரக் கற்பித்தல் என்று ஒரு பகுதி இருந்தது. பிள்ளை எங்கே பிழைவிடுகிறது என்று கண்டுபிடி, அங்கிருந்து திரும்பப் படிப்பி என்பது அதன் சாரம். பல வருடமாக அதை நாங்கள் விளங்கி வைத்திருந்தது சிவப்புப் பேனையின் விளக்கம்: பிழையைத் தேடு. தரம் 8 பிள்ளைக்குச் சமன்பாடு வரவில்லை என்றால் சமன்பாட்டையே மறுபடியும் படிப்பிப்போம். இன்னொரு சோடியில் மாட்டுகிற வேலைதான் அது. ஒரு தவணைக்கு ஓடும், பிறகு அதுவும் சாகும். இப்போது நடுவில் இறங்கிப் பார்க்கிறோம். பின்னம் தெரியுமா? தெரியாது. வகுத்தல்? தெரியும். அப்படியென்றால் சத்தம் வகுத்தல் வரை வருகிறது, பின்னத்தில் நிற்கிறது. இடையில் ஒரு குழி மூடப்பட்டிருக்கிறது. அநேகமாக அந்த மாதம் பிள்ளை நீண்ட நாள் பாடசாலைக்கு வந்திருக்காது. வரவு இடாப்பைப் பாருங்கள், பல தடவை அங்கேயே விடை இருக்கும்.

சரி, கொட்டகைக்குத் திரும்புவோம். அதிபருக்குக் கொட்டகை மேல் பாசம் அதிகம், பழைய மாணவர்களின் அன்பளிப்பு அது. நிலத்துக்கு இன்டர்லொக் கல் பதித்திருந்தார்கள். டோனர் சொன்ன துண்டும் கணக்குச் சொன்ன தூரமும் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன, இரண்டு சாட்சி இருக்கிறது என்று எடுத்துச் சொன்னோம். அவர் யோசித்துவிட்டு ஒரு சதுர மீற்றருக்கு மட்டும் அனுமதி தந்தார். மேலே ஒரு கல்லும் கூடாது.

நாடா காட்டிய இடத்தில் கல்லைக் கழற்றினோம். மண். கம்பியால் குத்தினோம். மண். காக்கா தெற்குத் தூணைப் பார்த்தார், ஐந்தாம் குழி இருக்கும் திசையைப் பார்த்தார், "ஒரு மொழம் இங்கிட்டு" என்றார். சதுர மீற்றர் தீர இரண்டு வரிசைக் கல் மிச்சம் இருந்தபோது கம்பி கொங்கிறீட்டில் பட்டு "டிங்" என்றது.

மூடிக்குக் கீழே எறும்புப் புற்று. புற்றுக்குள் கறுப்பு ரேப் சுற்றிய ஜொயின்ட். ரேப்பைப் பிரித்தபோது செப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பொடி. வயரைக் கையால் முறுக்கி ரேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேபிளோ கட்டடத்துக்குள்ளே போடுகிற வகை. மண்ணுக்குள் போடுகிற கேபிளில் வயர்களைச் சுற்றி நீர் புகாதபடி கூழ் நிரப்பியிருப்பார்கள், இதில் அது இல்லை. எங்கள் கடற்கரை மண்ணில் உப்பு ஈரத்துக்கு இது போதாதா? யார் போட்டது என்று இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அந்த வேலைக்கும் யாரோ ஒருவர் 'திருப்தி' என்று கையொப்பம் வைத்திருப்பார்.

காக்கா நல்ல செப்புத் தெரியும் வரை இரண்டு பக்கமும் வெட்டினார். உள்ளே பசை நிரப்பிய சின்னக் கனெக்டர்கள். வயரின் தோலைச் சீவாமலே நுழைத்து இடுக்கியால் நசுக்கினால் செப்பைப் பிடித்துக்கொள்ளும், பசை ஈரத்தைத் தடுக்கும். பத்து வயருக்குப் பத்து. மொத்தச் செலவு ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. காக்கா கூலி வாங்க மறுத்துவிட்டார்; அவருடைய பேத்தி அப்போது தரம் 3இல் இருந்தாள்.

மறுமுனையில் எது எந்தச் சோடி என்று பார்ப்பதற்கும் டோனர்தான். இம்முறை இரண்டு கிளிப்பும் சோடியிலேயே. அதிகம் பாடுகிற சோடியைப் பிடித்து, அதன் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று தொடவைக்க வேண்டும்; சரியான சோடியென்றால் சத்தம் செத்துவிடும். நான்கு சோடி அப்படிச் செத்து எழும்பின. மூன்றாவது மட்டும் ஊமை. அதன் சத்தத்தைப் பின்தொடர்ந்து போனால் ஆரம்பப் பிரிவுச் சுவரில், சுவர்ப் பத்திரிகைப் பலகையின் இடது மூலையில் நின்றது. பலகையைக் கழற்றினோம். ஆணி கேபிளுக்குள்ளால் இறங்கியிருந்தது. அந்த ஆணியை அப்படியே விட்டுவிட்டோம். நான்கு சோடி போதும், பலகையில் பிள்ளைகளின் சித்திரங்கள் இருந்தன.

இதை வாசித்துவிட்டு டோனர் வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. இது சுத்தமாக அறுந்த வயருக்கு நல்ல கருவி. ஜொயின்டுக்குள் தண்ணீர் போய், அறுந்தும் அறாமலும் கரகரக்கும் லைனில் இதை நம்ப வேண்டாம். அங்கே சத்தம் நிற்காது, எல்லா வயருக்கும் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். அதற்குக் காவலித் தடையை அளக்கும் மீற்றர் வேண்டும். பைபர் லைனுக்கும் இது உதவாது. கண்ணாடி இழையில் மின்சாரம் இல்லை, அதன் முறிவைத் தேடச் சிவப்பு வெளிச்சம் அனுப்பிப் பார்ப்பார்கள். செப்பு வயர் ஒவ்வோர் ஊராகக் குறைந்துகொண்டு வருவதும் தெரியும். ஆனால் பாடசாலைகளின் கணினி அறைகளிலும் மணி, ஒலிபெருக்கி லைன்களிலும் இன்னும் எத்தனையோ வயர் பெயரில்லாமல் சுவருக்குள் கிடக்கிறது. நாங்கள் அடுத்த வருடம் ஒரு டோனர் வாங்கிவிட்டோம்.

காரியாலயத்து இன்டர்கொம் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தரம் 10 பிள்ளைகள் கீறிய வரைபடம். குழிகள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் நிலையான இரண்டு இடங்களிலிருந்து தூரம். நான்காம் குழிக்கு நேரே எழுதியிருப்பது: "சைக்கிள் கொட்டகை, தெற்குத் தூணிலிருந்து 1.4 மீற்றர், சுவரிலிருந்து 2.1 மீற்றர். மேலே உள்ள நான்கு கற்களுக்குச் சீமெந்து பூசப்படவில்லை. பூச வேண்டாம்."